அந்தக் காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பாப்பா

பாப்பா,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னது மூன்றே வார்த்தை. "அக்கா, நிறுத்திட்டோம், போதும்." குழந்தைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வைத்தியத்தைத்தான் சொல்கிறாய் என்று புரிந்தது. நான் "சரிம்மா" என்றேன். நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாய்.

நீ காத்திருந்த அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் வந்தால் என்னைப் பேசவிடமாட்டாய், காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாய். கடிதமென்றால் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து படிக்கலாம்.

ஏன் எல்லோரும் படிக்கிற இடத்தில் என்று கேட்பாய். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மாப்பிள்ளையிடமும் அவர் அம்மாவிடமும் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்பதால்தான் இவ்வளவாவது எழுதத் துணிகிறேன். ஆனாலும் நம் பக்கத்துச் சொந்தங்கள் படிப்பார்கள். சிலவற்றைப் பெயர் சொல்லாமல்தான் எழுதுவேன். உனக்குப் புரியும்.

2019 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளை வரம் கேட்கப் போகிற திருக்கருகாவூர் கோயில். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று நாம் இரண்டு பேர் மட்டும் போனோமே, அன்றைக்கு.

அம்பாள் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டாய். சின்ன வயதிலிருந்து உன் கோலத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கு ஒரு புள்ளி தப்பவில்லை. பிரசாத நெய்யை வாங்கியதும், நாற்பத்தெட்டு நாள் இரண்டு பேரும்தானே சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாய். வெளியே வந்து பாபநாசம் பஸ்ஸுக்காக நின்றோம். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண், சுகப்பிரசவத்துக்குக் கொடுக்கிற விளக்கெண்ணெய்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக நீ பஸ் வராத பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாய். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. 2017 ஜூலையில் தொடங்கி ஒன்றின்கீழ் ஒன்றாகப் பத்தொன்பது தேதிகள். பக்கத்திலேயே எத்தனை நாள் இடைவெளி என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். 28, 29, 28, 30. உன் விரலில் ஒட்டியிருந்த நெய் காகிதத்தின் ஓரத்தில் படிந்தது.

"அக்கா, ஒன்றரை வருஷம் ஆச்சு. டாக்டர்கிட்ட போலாமா?"

"கணக்கா வருதேடி, உனக்கு என்ன குறை? இந்த நாற்பத்தெட்டு நாள் போகட்டும். அங்க போனா ஊசி மாத்திரைன்னு இழுத்துவிட்டுடுவாங்க. எனக்கு ரெண்டாவது நாலு வருஷம் கழிச்சுத்தானே தங்குச்சு?"

பஸ் வந்துவிட்டது. காகிதத்தை மடித்து விபூதிப் பொட்டலத்தோடு என் பர்ஸில் வைத்தேன். நீ திருப்பிக் கேட்கவில்லை. டாக்டரிடம் போவதைப் பற்றியும் அதற்கப்புறம் மூன்று வருடம் நீ வாய் திறக்கவில்லை. ஐப்பசி வந்தால் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தாய். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று சொன்ன ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டினாய்.

நான் சொன்னது பொய் இல்லை பாப்பா. எனக்கு நாலு வருடம் கழித்து ஒரு மாத்திரைகூட இல்லாமல் தங்கியது உண்மை. எனக்குத் தெரிந்ததைத்தான் உனக்குச் சொன்னேன். நம் தெருவில் கேட்டிருந்தாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதையேதான் சொல்லியிருப்பார்கள். "கணக்கா வருதே" என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். மாதாமாதம் ஒழுங்காக வந்தால் முட்டை வெளிவருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம், அவ்வளவுதான். குழாய் திறந்திருக்கிறதா, கர்ப்பப்பையின் உள்சவ்வு எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை பக்கம் என்ன நிலவரம் என்று அந்தத் தேதிகள் எதையும் சொல்லாது. 2022இல் அந்த டாக்டரம்மா பேப்பரில் படம் வரைந்து விளக்கியபோதுதான் எனக்கு இது விளங்கியது. எனக்கு வயது அப்போது நாற்பது.

ஆனால் உன் விஷயத்தில் எனக்கு வேறு ஒன்றும் தெரியும். உனக்கே தெரியாத ஒன்று.

2007. நீ காலேஜ் இரண்டாம் வருடம். ஆறு மாதம் சாப்பிட்டாயே அந்த மாத்திரைகள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பயந்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் பாத்ரூமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருவாய். அம்மா கேட்டவர்களிடமெல்லாம் டைபாய்டு என்று சொன்னாள். மருந்து முடிந்த அன்று நானும் அம்மாவும் போயிருந்தோம். நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். அங்கிருந்த நர்ஸ் அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணுக்குக் கல்யாணமாகி குழந்தை தள்ளிப்போச்சுன்னா, இந்த மருந்து சாப்பிட்டதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. சும்மா காத்துக்கிட்டு இருக்காதீங்க."

அம்மா அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டாள். எனக்கு நினைவிருந்தது. திருக்கருகாவூர் பஸ் ஸ்டாப்பில் நீ "போலாமா" என்று கேட்டபோதும் நினைவிருந்தது.

இதைத்தான் செவ்வாய்க்கிழமை என்னால் சொல்ல முடியவில்லை.

ஏன் தடுத்தேன் என்றால், டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளில் அது இருக்கும். முன்னே ஏதாவது பெரிய வியாதிக்கு மருந்து சாப்பிட்டீர்களா? உன் மாமியார் உன்னைத் தனியாக அனுப்பமாட்டார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உன் கல்யாணத்தைப் பேசியவள் நான். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. பெண்ணுக்கு ஏதாவது உடம்பு என்று அவர்கள் கேட்டபோது "ஒண்ணும் இல்லைங்க" என்று சொன்னவளும் நான். முழுக்கக் குணமான ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி நியாயமாகத்தான் படுகிறது. சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்காது. மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் உனக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீ ஏன் எல்லாவற்றுக்கும் என்னையே கேட்டாய்? அம்மா போனபோது எனக்கு முப்பது வயது. இடுப்பில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. உனக்கு இருபத்துநாலு, வேலையில் இருந்தாய், என்னைவிட அதிகம் படித்தவள். 2019இல் உனக்கு முப்பது. நான் வேண்டாம் என்றால் நீ போகக் கூடாதா? மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை போயிருந்தால் உன்னை யார் தடுத்திருக்க முடியும்? என் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு எடை இருக்கிறது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

அம்மாவின் அட்டிகையை அடகு வைத்ததையும் நீ சொல்லவில்லை. பெரியப்பா மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் நான் தரமாட்டேனா?

சரி. அதை விடு.

2022இல் முதல் நாளே அந்த டாக்டரம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் டெஸ்ட் எழுதினார். மாப்பிள்ளைக்கு ஒரே காலையில் முடிந்துவிட்டது, எல்லாம் நன்றாக இருந்தது. உனக்கு அந்தக் கேள்வி வந்தது. நீ பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாய். உன் மாமியார் அன்றைக்கு வரவில்லை, வெளியே மாப்பிள்ளை மட்டும்தான். நான் தலையாட்டியதும் நீ சொன்னாய். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டு ஏம்மா இத்தனை வருஷம் வெயிட் பண்ணீங்க?" என்று கேட்டார். கேள்வி உன்னிடம். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தானா ஆகும்னு நினைச்சோம் டாக்டர்" என்றாய்.

குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் அடைப்பு. ஐ.வி.எஃப். செய்தால் குழாய் தேவையில்லை என்று சொன்னதும் நமக்குப் பெரிய நிம்மதி. முட்டையை வெளியே எடுத்துக் கரு உண்டாக்கி நேராகக் கர்ப்பப்பையில் வைத்துவிடலாம் என்றார்கள். அந்தப் பழைய வியாதியின் வடு கர்ப்பப்பையின் உள்ளேயும் இருக்கும் என்று நாம் நினைக்கவே இல்லை. லைனிங், அதாவது அந்த உள்சவ்வின் கனம், 7 மில்லிமீட்டராவது வர வேண்டும் என்று அவர்கள் காத்திருக்க, ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் எனக்கு நீ அனுப்புவது ஒரு எண் மட்டும். "5.2 அக்கா." "5.6." ஒரு தடவை "6.1" என்று வந்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

மூன்று தடவை வைத்தார்கள். மூன்று தடவையும் பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனை. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

போன மாதம் உனக்குத் தெரியாமல் அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். 2019இலேயே வந்திருந்தால் நடந்திருக்குமா என்று கேட்டேன். உள்ளே விழுந்த வடு அந்த நோய் வந்த காலத்திலேயே விழுந்திருக்கலாம், 2019இல் வந்திருந்தாலும் லைனிங் இப்படியே இருந்திருக்கலாம் என்றார். அப்புறம், முட்டைகள் பிறக்கும்போது இருக்கிற இருப்புதான், புதிதாக உண்டாவதில்லை, மூன்று வருடத்தில் அதுவும் குறையத்தான் செய்யும் என்றார். திட்டவட்டமாக எதையும் சொல்ல முடியாது என்றார். இதைக் கேட்டதும் எனக்கு மனம் லேசாகும் என்று நினைத்துத்தான் போனேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஓடியதெல்லாம், அந்த மூன்று வருடமும் மாதாமாதம் நீ எதைத் தப்பாகச் செய்தாய் என்று உன்னையே துருவிக்கொண்டிருந்தாய் என்பதுதான். பப்பாளி சாப்பிட்டேனா, வண்டியில் அதிகம் போனேனா என்று என்னிடமே கேட்பாயே. காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதெல்லாம் யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இது என் கையில் இருந்தது.

உனக்கு முப்பத்தேழு வயது, இன்னமும் எல்லோரும் உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். சித்தப்பா வீட்டு வளைகாப்பில், வளையல் போட வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர்கள் உன்னைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். நீ சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

இதை வெளியில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். எதிர்வீட்டு மாடியில் புதிதாக ஒரு ஜோடி குடிவந்திருக்கிறார்கள். அவளுக்கு வயது முப்பத்தாறு. கல்யாணமாகி எட்டு மாதம். என்னிடம் வந்து, "அக்கா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?" என்று கேட்டாள். நீ கேட்ட அதே குரல். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவளை உட்கார வைத்துச் சொன்னேன். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் ஒரு வருடம் பார்க்கலாம். முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதம், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. நாற்பது என்றால் உடனே போக வேண்டும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், அந்த நாட்களில் எழுந்திருக்க முடியாத அளவு வலி உள்ளவர்கள், அடிவயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள், எப்போதாவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள், இவர்களெல்லாம் எந்தக் கணக்கும் பார்க்காமல் முதலிலேயே போய்க் கேட்க வேண்டும். ஆம்பளைக்குச் சின்ன வயதில் விதைப்பையில் ஆபரேஷன் நடந்திருந்தாலும் அப்படித்தான். போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து போ, முதல் நாளே அவரையும் டெஸ்ட் பண்ணச் சொல் என்றேன். போய்ப் பார்ப்பதாலேயே ஊசியும் ஆபரேஷனும் வந்துவிடாது, பலருக்குக் காரணத்தைத் தெரிந்துகொள்வதோடு சின்ன மருந்திலேயே சரியாகிவிடுகிறது என்றும் சொன்னேன்.

அவள் தயங்கினாள். மாமியார் திருக்கருகாவூர் போகச் சொல்கிறாராம். போய்விட்டு வா என்றேன். அம்பாள் ஒருநாளும் டாக்டரிடம் போகாதே என்று யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொன்னவள் நான்தான்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் போய்விட்டு வந்தார்கள். நம் சொந்தத்திலும் இப்படிக் காத்துக்கொண்டிருக்கிற பெண்கள் இரண்டு பேராவது இருக்கிறார்கள், உனக்கும் தெரியும். அவர்கள் என்னிடம் வந்து கேட்கமாட்டார்கள். இதைப் படிப்பார்கள்.

இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். தத்து எடுக்கச் சொல்லி யாராவது போன் செய்தால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் பேசுகிறபோது பேசுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அட்டிகையை மீட்டுக்கொண்டுதான் வருவேன், ரசீதை மாப்பிள்ளையிடம் வாங்கிவிட்டேன், அவரைத் திட்டாதே. காகிதம் பர்ஸிலேயே இருக்கிறது. நெய் பட்ட இடத்தில் மை கரைந்து கடைசி இரண்டு தேதிகள் தெரியவில்லை. கொண்டுவரலாமா வேண்டாமா என்று மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு.

அக்கா