கொடைக்கானல் டூர் கூட்டிட்டு போற பிசிக்ஸ் டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மிஸ்.

டூர் சர்க்குலர் வர்ற சீசன். கொடைக்கானல்னா லிஸ்ட் எல்லாருக்கும் மனப்பாடம்: ஏரியில போட்டிங், கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ், பைன் காடு, கடைசியா சாக்லேட் கடைல ஒரு மணி நேரம். நான் ப்ளஸ் ஒன் படிச்சப்பவும் இதே லிஸ்ட்தான். பஸ்ல போறப்போ வெள்ளையா ஒரு டூம் தெரிஞ்சுது, அது என்ன சார்னு கேட்டேன், வெதர் ஆபீஸ்டானு சொல்லிட்டு சார் திரும்ப பாட்டுக்கு பாட்டுக்கு போயிட்டார். அவர் மேல கோவம் இல்ல, அவருக்கும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

இருபது வருஷம் கழிச்சு பொண்ண கூட்டிட்டு போனப்போதான் அந்த டூம் இருக்கிற இடத்துக்குள்ள நுழைஞ்சேன். இருட்டு ரூம், அதுல சூரியனோட பிம்பம் நேரா வந்து விழுது, ஓரமா மிளகு மாதிரி ஒரு கரும்புள்ளி. டிவியாப்பானு கேட்டா. இல்லம்மா, வெளிய இருக்கிற சூரியன்தான், கண்ணாடி வச்சு இங்க திருப்பி விடுறாங்கன்னேன், நம்பல. அந்த நேரம் பார்த்து வெளிய மேகம் கடந்து போச்சு, பிம்பம் அப்படியே மங்கி திரும்ப தெளிஞ்சுது. அப்புறம் அவள அங்கிருந்து கிளப்ப முடியல.

அது வெதர் ஆபீஸ் இல்ல. இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட சூரிய ஆய்வகம். அந்த நிறுவனத்துக்கு இன்னிக்கு தலைமையகம் பெங்களூர் கோரமங்களாவுல இருக்கு, ஆனா அதோட வேர் நம்ம நுங்கம்பாக்கத்துல. 1786ல கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி சொந்த செலவுல மெட்ராஸ்ல வச்ச ஆய்வகம்தான் ஆரம்பம், 1792ல கம்பெனியே நுங்கம்பாக்கத்துல கட்டடம் கட்டிடுச்சு. டெலஸ்கோப் ஆடக்கூடாதுன்னு நட்ட 15 அடி கருங்கல் தூண் இன்னும் நிக்குது. எங்கனு கேக்குறீங்களா, புயல் வந்தா டிவி கேமரா எல்லாம் போய் குவியுமே, அந்த வானிலை ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளதான். தூண்ல தமிழும் தெலுங்கும்கூட செதுக்கியிருக்கு. ஆசியாவுல கணித அறிவியல நாங்கதான் முதல்ல நட்டோம்ங்கிற மாதிரி ஒரு பெருமைய வேற எழுதி வச்சாங்க, ஆர்யபட்டர் பொறந்த நாட்டுல இத எழுத கொஞ்சம் தைரியம் வேணும்தான்.

அங்க வேலை பார்த்த ரகுநாதாச்சாரிய பத்தி பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்துல பொறந்து, ஆய்வகத்துல உதவியாளரா சேர்ந்து, 1867ல ஒளி மாறிக்கிட்டே இருக்கிற ஒரு விண்மீன கண்டுபிடிச்சவர். 1874ல வெள்ளி கிரகம் சூரியன கடக்கப்போகுதுன்னதும் ஜனங்களுக்கு புரியட்டும்னு அத விளக்கி இந்திய மொழிகள்ல சின்ன புத்தகம் போட்டார். வானியல மக்கள் பாஷைல சொல்லணும்னு 150 வருஷம் முன்னாடியே ஒருத்தர் மெனக்கெட்டிருக்கார், நாம இன்னும் பரீட்சைக்கு வருமானு கேட்டுட்டு இருக்கோம்.

சரி, மெட்ராஸ்ல இருந்தது ஏன் மலை ஏறுச்சு? அதுக்கு காரணம் பஞ்சம் சார். 1876ல தொடங்குன தாது வருஷப் பஞ்சம், நம்ம பாட்டிங்க வாயில ரொம்ப காலம் இருந்த வார்த்தை. மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்குல செத்துப்போனாங்க. அந்த காலத்துல சூரியனோட கரும்புள்ளி கூடி குறையறதுக்கும் மழை பெய்யறதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு விஞ்ஞானிகள் பலர் நம்பினாங்க, அப்ப சூரியன தினமும் பார்க்கணும், அதுக்கு மெட்ராஸ் தூசியும் புழுக்கமும் ஆகாது, மலை வேணும். நம்ம பாடத்துல வெப்பநிலை அலகா வர்றாரே கெல்வின், அவர் தலைமையில 1893ல லண்டன்ல கூடின கமிட்டிதான் கொடைக்கானல்ல வைக்கலாம்னு முடிவு பண்ணுச்சு. 1899ல வேலை ஆரம்பிச்சுது. கரும்புள்ளிய பார்த்து மழைய சொல்லிடலாம்ங்கிற அந்த கணக்கு கடைசி வரைக்கும் கைகூடல. ஆனா அதுக்காக ஆரம்பிச்ச வேலை வேற எங்கெங்கயோ கொண்டு போய் விட்டுச்சு.

1909 ஜனவரில ஜான் எவர்ஷெட்ங்கிறவர் இங்க ஒரு கரும்புள்ளியோட நிறமாலைய, அதாவது வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சு பதிவு பண்ணிட்டு உத்துப் பார்த்தா அதுல விழுற கோடுங்க இருக்க வேண்டிய இடத்துல இல்ல, லேசா நகர்ந்திருக்கு. புள்ளியோட ஓரத்துல வாயு நடுவுலருந்து வெளிப்பக்கமா ஓடுதுனு அர்த்தம். நீங்க 11ஆம் வகுப்புல ஆம்புலன்ஸ் சைரன வச்சு நடத்துறீங்களே டாப்ளர் விளைவு, அதேதான், சத்தத்துக்கு பதில் வெளிச்சம். இன்னிக்கும் உலகம் பூரா அதுக்கு எவர்ஷெட் விளைவுனுதான் பேரு. அவரோட மனைவி மேரியும் வானியலாளர், சூரியன்லருந்து கிளம்புற தீப்பிழம்புகள பத்தி ரெண்டு பேரும் சேர்ந்து எழுதியிருக்காங்க. இவ்வளவும் நாம சாக்லேட் வாங்குற ஊர்ல.

எனக்கு அந்த கண்டுபிடிப்ப விட பிடிச்சது இன்னொன்னு. 1904லருந்து வானம் தெளிவா இருக்கிற நாள்ல எல்லாம் சூரியன படம் எடுத்து வச்சிருக்காங்க. முதல்ல கண்ணாடி பிளேட்டு, அப்புறம் ஃபிலிம், இப்ப கம்ப்யூட்டர். ரெண்டு உலகப்போர் போச்சு, சுதந்திரம் வந்துச்சு, காலைல மேகம் விலகினா படம். பழைய பிளேட்ட எல்லாம் டிஜிட்டல் ஆக்கிட்டாங்க, லட்சத்துக்கு மேல இருக்கு. கரும்புள்ளி ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு தடவ கூடி குறையும், அப்படி பத்து சுழற்சிக்கு மேல ஒரே இடத்துலருந்து எடுத்த பதிவு கையில இருக்குன்னா சும்மாவா? பிராக்டிகல் நோட்டுல ரீடிங்க பக்கத்து பெஞ்சுலருந்து காப்பி அடிக்கிற பசங்களுக்கு இத ஒரு தடவ காட்டணும்.

அப்புறம் வானியலாளர் வைணு பாப்பு. 1960ல கொடைக்கானல் பொறுப்புக்கு வந்தார். அந்த சமயத்துல வந்ததுதான் அங்க இருக்கிற கோபுர டெலஸ்கோப்பு, 11 மீட்டர் உயரத்துல கண்ணாடி சூரியன புடிச்சு கீழ அனுப்பும், பூமிக்கு அடியில 60 மீட்டர் சுரங்கம், அதுக்குள்ள 34 சென்டிமீட்டர் அகலத்துக்கு சூரியன் விழும், நம்ம வீட்டு தோசைக்கல் சைஸ். சூரியன் அகலத்துல 109 பூமிய வரிசையா வைக்கலாம், 34அ 109ஆல வகுக்க சொல்லுங்க பசங்கள. 3 மில்லிமீட்டர் வரும். தோசைக்கல் பக்கத்துல ஒரு பெரிய கடுகு, அதுதான் நாம.

பாப்பு அதோட நிக்கல. ராத்திரி வானத்துக்கு இடம் தேடி ஜவ்வாது மலையில இருக்கிற காவலூர புடிச்சார், 1968ல ஒரு சின்ன டெலஸ்கோப்போட தொடக்கம். 1971ல நிறுவனம் தன்னாட்சி ஆச்சு. 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குனு உலகமே கண்டுபிடிச்ச அந்த ராத்திரி காவலூர் டெலஸ்கோப்பும் பார்த்துட்டு இருந்துச்சு. நம்ம நாட்டுலயே 2.34 மீட்டர் கண்ணாடிய தேய்ச்சு ஒரு டெலஸ்கோப் செய்யணும்னு வேலைய தொடங்கினார், முடியறதுக்குள்ள 1982ல போயிட்டார், 55 வயசு. 1986ல திறந்தப்போ அவர் பேரையே வச்சாங்க. 1988ல காவலூர்ல கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு ராமானுஜன் பேரு. அதுக்கப்புறம் லடாக்ல ஹான்லேங்கிற இடத்துல ஒரு டெலஸ்கோப், கடல் மட்டத்துலருந்து 4500 மீட்டர், அத ஓட்டறது பெங்களூர் பக்கத்துல ஹொசக்கோட்டைல உக்காந்து. 2023 செப்டம்பர்ல போச்சே ஆதித்யா எல்1, அதுல சூரியனோட ஒளிவட்டத்த பார்க்குற கருவி இவங்க செஞ்சது. ஆதித்யா பத்தி கேள்வித்தாள்ல ஒரு மார்க்கு வருது, அதோட தாத்தா வீடு டூர் பஸ் போற வழியிலயே இருக்கு.

கேக்கறது இவ்வளவுதான், டூர்ல அந்த ஆய்வகத்துக்கு ஒன்றரை மணி நேரம். வட மாவட்டத்து ஸ்கூலா இருந்தா காவலூர் இன்னும் கிட்ட, ஏலகிரி ட்ரிப்போட சேர்த்துடலாம். எங்க போனாலும் முன்னாடியே ஃபோன் பண்ணி நேரம் கேட்டுக்குங்க, ரெண்டு பஸ் பசங்களோட திடீர்னு போய் கேட்டுல நிக்காதீங்க. கொடைக்கானல்னா காலைலயே போயிடுங்க சார், மத்தியானம் மேகம் ஏறிட்டா சூரியன் வராது. போட்டிங்க சாயங்காலத்துக்கு தள்ளிக்கலாம், ஏரி எங்கயும் போகாது.

இப்படிக்கு,
பஸ் ஜன்னல்லருந்து டூம மட்டும் பார்த்த பழைய ஸ்டூடன்ட்