மூச்சுமுட்டும் படத்துக்கு இடைவேளை எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

குகைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ ஆள் மாட்டிக்கொள்ளும் திகில் படங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் எழுதியவர், பேய் பிசாசு வந்த பிறகுதான் பயமே தொடங்குகிறது என்று முடித்திருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2005இல் வந்த 'த டிசென்ட்' படத்தில் ஆறு பெண்கள் குகைக்குள் இறங்குவார்கள். உள்ளே இருக்கும் பிராணிகள் வெளிப்படுவதற்கு முன்னரே, ஒருத்தி தவழ்ந்துபோய் ஒரு பொந்துக்குள் இறுகிவிடுவாள், எனக்கு அந்த இடத்தில்தான் உடம்பு நடுங்கியது. நிஜக் குகைகூட இல்லை, பைன்வுட் ஸ்டூடியோவில் போட்ட செட். ஆனால் தலைக்கவச விளக்கு எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் எங்களுக்கும் தெரியும், அதற்கு அப்பால் கும்மிருட்டு.

1990களில், போர் நடந்த காலத்தில், எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட 'ட' வடிவப் பங்கர், அதாவது பதுங்குகுழி, இருந்தது. குண்டு போடும் பொம்பர் விமானம் இரைந்தால் எட்டுப் பேர் அதற்குள். புகை மூச்சை அடைக்கும் என்று அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்துவிடுவா, அப்புறம் காது மட்டும்தான், மேலே சுற்றுதா பதியுதா என்று அதை வைத்துத்தான் அறியவேண்டும். குற்றி இடுக்கால் பிடரியில் பொலபொலவென்று மண் கொட்டும். குண்டுச் சத்தத்தைவிட எனக்கு அந்த மண்தான் பயம்.

2010இல் வந்த 'பரீட்' படத்தில், உயிரோடு புதைக்கப்பட்டவனின் சவப்பெட்டிப் பலகையில் விழுந்த வெடிப்பு வழியாக மணல் இறங்கும்போது அதே பிடரி கூசியது. 95 நிமிடமும் கமரா அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது. ஒரு லைட்டர், ஒரு போன், இன்னும் ஓரிரு சாமான், குறைந்துகொண்டே போகும் காற்று, அவ்வளவுதான். லைட்டரைக் கொளுத்தினால் அதுவும் காற்றைத் தின்னும் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் வெளிச்சம் வந்தாலும் நிம்மதி வராது. எங்கள் படங்களிலோ மாட்டிக்கொண்டவன் கண்ணை மூடினால் போதும், பழைய காதல், பாட்டு என்று கமரா வெளியே போய்விடுகிறது. உள்ளே திரும்பி வரும்போது பயம் ஆறிப்போயிருக்கும்.

தியேட்டர்களும் இதையேதான் செய்கின்றன. போன மாதம் இங்குள்ள ஒரு தியேட்டரில் இப்படியொரு படம், சரியாக மூச்சு முட்டுகிற இடத்தில் நிறுத்தி லைட்டைப் போட்டு ரோல்ஸ் விற்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியே போய்க் காற்று வாங்கி வந்த ஆளை மறுபடி பொந்துக்குள் இறக்குவது லேசான வேலையா? ஒன்றரை மணித்தியாலப் படம்தானே, ரோல்ஸைத் தொடங்குமுன் விற்கலாம். தியேட்டர்காரர் தயவுசெய்து இந்த வகைப் படங்களையாவது இடைவேளை விடாமல் ஓட்டுங்கள், வாசல் திரையையும் இழுத்து மூடிவிடுங்கள்.

ஒரு வாசகன்,
கோண்டாவில்