ஆயர் பெருமக்களே, மறையுரைக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்

தமிழகக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பெருமக்களுக்குத் தோத்திரம். திருப்பலியில் குருக்கள் ஆற்றும் மறையுரையைப் பற்றி எழுதுகிறேன்.

2020 நவம்பர் 28 அன்று திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் ரோமில் கர்தினால்களாக உயர்த்தியவர்களில் கப்புச்சின் சபைத் துறவி ரனியேரோ கந்தலமெஸ்ஸாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 86. ஆள்வதற்கு மறைமாவட்டம் இல்லை. 80 வயதைக் கடந்துவிட்டதால் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் இல்லை. கர்தினாலாகிறவர் பெறவேண்டிய ஆயர் பட்டத்திலிருந்தும் விலக்குக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்; தம் சபையின் துறவாடையிலேயே கண்மூட வேண்டும் என்பது அவர் ஆசை. 1979இல் மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை விட்டு வந்தவர். 1980 முதல் 2024 வரை திருத்தந்தைக்கும் அவருடைய இல்லத்தாருக்கும் மறையுரை ஆற்றுவதே அவருடைய பணியாக இருந்தது. கர்தினாலுக்குரிய செந்தொப்பி அதற்காகத்தான் அவரைத் தேடி வந்தது. கர்தினாலான அடுத்த வாரமே கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால உரைகளைத் தொடங்கியும்விட்டார்.

பெரிய வெள்ளியன்று புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை மறையுரை ஆற்றுவதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் அமர்ந்து கந்தலமெஸ்ஸாவின் உரையைக் கேட்டார். மூன்று திருத்தந்தையர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். 2020இல் அந்தப் பேராலயம் ஏறக்குறைய காலியாக இருந்தது. கொரோனா கடவுள் தந்த தண்டனையா என்று வீட்டுக்கு வீடு கலங்கிக்கொண்டிருந்த நேரம். கடவுள் நம் பக்கம் நிற்கிறார், கிருமியின் பக்கம் அல்ல என்று அன்று இவர் தெளிவாகச் சொன்னார். கோவிலுக்குப் போக முடியாமல் தவித்திருந்த எனக்கு அந்த ஒரு வாக்கு எவ்வளவோ பெரிது.

எங்கள் பங்குகளில் நடப்பதையும் சொல்கிறேன். பங்குத்தந்தைக்குப் பணிமாற்றம் வந்தால் பிரிவு விழா வைக்கிறோம். பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார்: புதிய கெபி (குகைக் கோவில்) கட்டினார், கொடிமரத்துக்குத் தகடு பதித்தார், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார். அவருடைய மறையுரை ஒன்றையாவது நினைவுகூர்ந்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. குருக்களைக் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை முழுவதும் கட்டட ஒப்பந்தக்காரர், பள்ளிக்கூடத் தகராறு, திருமண ஓலை (அறிவிப்பு), கிளைப்பங்குத் திருப்பலி என்று ஓடுகிறவர் எப்போது உட்கார்ந்து படிப்பார்? ஞாயிறன்று, சற்று முன் வாசித்த நற்செய்தியையே மீண்டும் கதையாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் வந்த நீதிக்கதை ஒன்றைச் சேர்த்து, திருவிழா வரி பாக்கியை நினைவூட்டி முடிக்கிறார். வாரமெல்லாம் வேலை செய்து களைத்து வந்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

மற்ற முக்கியமான பணிகளுக்கு நேரம் குறைந்தாலும் பரவாயில்லை, மறையுரைத் தயாரிப்புக்கு வாரந்தோறும் போதிய நேரம் கொடுங்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இலேயே ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ ஏட்டில் கேட்டிருக்கிறார். தயாரிக்காமல் வருபவரை நேர்மையற்றவர், பொறுப்பற்றவர் என்றே அதில் கடிந்துகொள்கிறார். அந்த நேரத்தை ஒவ்வொரு குருவும் தானாகத் தேடிக்கொள்ள முடியாது. நீங்கள்தான் ஒதுக்கித் தர முடியும். கட்டட வேலையையும் பள்ளிக் கணக்கையும் குருக்கள் அல்லாத, தகுதியுள்ள பொதுநிலையினரிடம் ஒப்படையுங்கள். பொறுப்பேற்க எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வேண்டுகோள். நீங்கள் பங்குக்கு வரும் நாளில் மறையுரை எப்போதும் உங்களுடையதாகவே இருக்கிறது. அடுத்த முறை வரும்போது ஒரு ஞாயிறு மட்டும் பங்குத்தந்தையைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள். திருப்பலி முடிந்ததும் அந்த உரையைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். கணக்குப் புத்தகத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் இறைமக்களில் ஒருவன்