இன்ஜின் விளம்பரங்களில் குறியீட்டையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் பழைய கார் இன்ஜின்கள் விற்பனைக்கு வருவதைச் சில மாதங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். காரின் பெயர், ஆண்டு, "நல்ல ஓட்டத்தில் உள்ளது" என்று ஒரு வரி, தொலைபேசி எண். பெரும்பாலும் இவ்வளவோடு விளம்பரம் முடிந்துவிடுகிறது. அந்த இன்ஜின் வாங்குபவரின் வண்டியில் உட்காருமா உட்காராதா என்பதற்கு இவற்றில் எதிலும் விடை கிடையாது. விடை, இன்ஜினின் முதன்மை உடலான பிளாக்கில் பொறித்திருக்கும் குறியீட்டில் இருந்துதான் தொடங்குகிறது. விளம்பரம் கொடுப்பவர்களிடம் அந்தக் குறியீட்டையும் கேட்டுப் பெற்று அச்சிட வேண்டும் என்று கோருவதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் கார் 20 ஆண்டுகளைக் கடந்தது. பின்சக்கர இயக்கமும் கையால் மாற்றும் கியரும் உடையது. தண்ணீர் பம்ப் கசிந்துகொண்டிருந்ததையும், வெப்பமானியின் முள் ஏறியதையும் கவனிக்காமல் ஓட்டியது என் பிழை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, பிளாக்கிலும் விரிசல் விழுந்துவிட்டதால், பழுது பார்ப்பதைவிட வேறு இன்ஜின் வைப்பதே மேல் என்றார் மெக்கானிக். அதே கார், அதே ஆண்டு, அதே கொள்ளளவு என்று பார்த்துத்தான் ஒன்றை வாங்கினேன். இன்ஜினைத் தாங்கும் மவுண்டுகள் பொருந்தின, கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகளும் நேர்க்கோட்டில் நின்றன; ஆனால் கியர்பாக்ஸை நெருக்கியபோது கடைசி விரற்கடை இடைவெளி மட்டும் மூடவே இல்லை. மறுபடியும் இறக்கி, கிளட்ச்சைக் கழற்றி, இன்ஜினின் பின்முனையில் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் நடுவே விரலை விட்டுப் பார்த்த மெக்கானிக், "பைலட் பேரிங்குக்குத் துளையே போடவில்லை சார், இது ஆட்டோமேட்டிக் வண்டி இன்ஜின்" என்றார். அந்த பேரிங் அமைந்து, அதில் கியர்பாக்ஸ் தண்டின் முனை போய் உட்கார வேண்டிய இடத்தில், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டின் இரும்பு முழுசாக இருந்தது. மேலே ஏற்றும் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். விற்றவரோ திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை; ரசீதில் காரின் பெயருக்கு மேல் ஒரு சொல்லும் இல்லாததால் என்னால் வாதாடவும் முடியவில்லை. அவர்மேல் முழுப் பழியையும் போட மனம் ஒப்பவில்லை. கேட்டதை அவர் கொடுத்தார். நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

இதில் எனக்காவது பொருந்தவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாம் அழகாகப் பொருந்தி, ஓடத் தொடங்கிய பிறகு கெடுக்கும் வேறுபாடுகள் இதைவிட மோசமானவை. ஃபோர்டின் 302 கன அங்குல வி8 இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். 1980களின் தொடக்கம் வரை வந்தவற்றின் ஃப்ளைவீலில், சுழலும்போது நடுக்கத்தை அடக்க, 28 அவுன்ஸ்-அங்குல எதிர்ச்சமன் எடை இருந்தது. அதன்பின் அது 50 ஆக மாறியது. பழைய ஃப்ளைவீலைப் புதியதில் முடுக்கினால் போல்ட்டுகள் மறுப்புச் சொல்லாமல் ஏறிவிடும். ஆனால் வண்டி நடுங்கும், நாளடைவில் பேரிங்குகள் தேயும். செவ்ரோலெட்டின் 350 கன அங்குல இன்ஜினிலோ 1986இல் பின்பக்க ஆயில் சீல் இரு துண்டிலிருந்து ஒரே துண்டானது; அத்துடன் ஃப்ளைவீல் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது. கொள்ளளவு ஒன்றே, பேச்சில் வழங்கும் பெயரும் ஒன்றே. ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை இன்ஜின்கள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. 2001இல் வந்த கே வரிசை வலஞ்சுழியாகச் சுற்றுவது. அதனால் பழைய கியர்பாக்ஸைப் புதியதோடு இணைக்கும் பேச்சுக்கே இடமில்லை. பெயரையும் ஆண்டையும் மட்டும் வைத்து வாங்குகிறவருக்கு இவற்றில் எது காத்திருக்கும் என்று எப்படித் தெரியும்?

ஆண்டு என்பதும் நம்பத்தக்க அளவுகோல் அன்று. ஒரே ஆண்டின் நடுவில் உற்பத்தி மாறிய வண்டிகள் உண்டு. முன்பு ஒருவர் இன்ஜினை மாற்றியிருந்து அதை யாரும் சொல்லாமல் விட்டதும் உண்டு. ஆகவே தேடுபவர் முதலில் தம் வண்டியின் பானெட்டைத் திறந்து, பிளாக்கில் உள்ள எழுத்துகளைத் துடைத்துப் படிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் அது பெரும்பாலும் புதைந்திருக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். பிறகு வண்டியின் அடையாள எண்ணை அதனோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் 1981 முதல் இது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது; 10ஆவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும், அங்குள்ள பல தயாரிப்பாளர்கள் 8ஆவது இடத்தில் இன்ஜின் வகையைக் குறிப்பார்கள். பிளாக்கின் குறியீடும் இந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ முன்பே இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இன்ஜின் எண் உரசப்பட்டிருந்தால் அதைத் தொடாமல் வந்துவிடுவதே நல்லது. பதிவுச் சான்றில் இன்ஜின் எண் இடம்பெறும் நாடுகளில் அப்படிப்பட்ட இன்ஜினைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்பதோடு, அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

மின்னணு முறையில் எரிபொருள் தெளிக்கும் இன்ஜின்களில் குறியீடும் ஒத்து, இரும்பும் ஒத்து, ஆனாலும் ஸ்டார்ட் ஆகாத நிலை வரும். கிராங்க்ஷாஃப்டில் உள்ள பல்சக்கரத்தை சென்சார் எண்ணித்தான் தீப்பொறிக்கான நேரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கணிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசையில் முதலில் 24 பற்களுக்கான அமைப்பும் பின்னர் 58 பற்களுக்கான அமைப்பும் வந்தன. ஒன்றின் பெட்டிக்கு மற்றதன் கணக்கு புரியாது. சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் உள்ள வண்டியில் இன்ஜினோடு வந்த பெட்டியை மாட்டினால் அது நம் சாவியை ஏற்காது. எனவே கூடியவரை நம் பழைய வயரிங், பெட்டி, சென்சார்கள், காற்றை உள்ளே செலுத்தும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டு ஆகியவற்றையே புதிய இன்ஜினுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இதனால்தான், புதியது ஓடிக் காட்டும் வரை பழைய இன்ஜினை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பேன். கழிவு இரும்பு என்று எடைக்குப் போட்டபின், ஒரு பிராக்கெட்டுக்காகப் பல நாள் அலைய நேரும். ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும் பிராக்கெட், அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப் முன்பக்கம் ஆழமா பின்பக்கம் ஆழமா என்பது போன்ற சிறு விஷயங்கள்தான் கடைசியில் ஆளை அலைக்கழிக்கும்.

"நல்ல ஓட்டத்தில் உள்ளது" என்ற அந்த வரிக்கும் சான்று கேட்கலாம். பெல் ஹவுசிங்கும் ஸ்டார்ட்டரும் மாட்டப்பட்டிருந்தால், வண்டிக்கு வெளியே தரையில் வைத்தபடியே சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்க முடியும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, காற்று வழியின் கதவான த்ராட்டிலை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். எண்ணின் உயரத்தைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான ஒற்றுமைதான் முக்கியம். அமெரிக்கத் தயாரிப்புகள் பலவற்றின் கையேடுகள், மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்த அளவில் 70 முதல் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்கின்றன. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். அளக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. வாங்கியதும், வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றிவிடுவது சுலபம். ரேடியேட்டரையும் சுத்தம் செய்தாக வேண்டும், அதில் அடைப்பு இருந்தால் அது புதிய இன்ஜினையும் விட்டுவைக்காது.

தங்கள் விளம்பரப் பிரிவு கேட்க வேண்டியது அதிகமில்லை: இன்ஜின் குறியீடு, அது கழற்றப்பட்ட வண்டியின் அடையாள எண், ஆட்டோமேட்டிக் வண்டியில் இருந்ததா கைக் கியர் வண்டியில் இருந்ததா என்ற ஒரு சொல். அடையாள எண் முழுவதையும் அச்சிடத் தயக்கம் இருந்தால் அதை வாங்குபவரிடம் நேரில் காட்டச் செய்யலாம். மற்ற இரண்டும் ஒரே வரியில் அடங்கும்.

எனக்குப் பொருந்தாத அந்த இன்ஜின் இன்னும் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கிறது. அதை விற்க நானும் தங்கள் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் எழுதி இத்துடன் அனுப்பியுள்ளேன். குறியீட்டையும், நான்கு சிலிண்டர்களின் அழுத்த அளவுகளையும், "ஆட்டோமேட்டிக் வண்டியினுடையது, பைலட் பேரிங் துளை கிடையாது" என்ற வாக்கியத்தையும் அதில் சேர்த்திருக்கிறேன். கூடுதல் வரிக்குக் கட்டணம் இருந்தால் செலுத்தத் தயார். அந்த வாக்கியத்தை மட்டும் இடம் கருதி வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்