புது வண்டியின் பெயின்டுக்கு எது காவல்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. இங்கும் நலமே. புது வண்டி எடுக்கப்போகிற சேதி ரொம்பச் சந்தோஷம். மகள் ஆசைப்பட்டபடி கறுப்பு நிறமே முடிவாகிவிட்டது என்கிறாய். அழகான நிறம்தான். ஆனால் தப்பாகத் துடைத்தால் அதைக் கறுப்பு மறைத்துவைக்காது, வெயிலில் நிறுத்தியதுமே காட்டிக்கொடுத்துவிடும். ஷோரூமில் பெயின்டின் மேல் போட்டுத் தரும் பாதுகாப்புப் பூச்சை, அதாவது கோட்டிங்கை, எடுக்கலாமா, எந்தப் பூச்சு நல்லது, வீட்டில் நானே போடலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கெல்லாம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஷோரூமில் தருகிற கோட்டிங் பேக்கேஜ். வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்கள் பயன்படுத்தும் மருந்து மட்டம் என்பதால் இல்லை, அதற்கு அவர்கள் கொடுக்கும் நேரம் போதாது என்பதால். கழுவி, படிந்ததை எடுத்து, பாலிஷ் போட்டு, பூசி, காயவிட முழுதாக இரண்டு நாள் வேண்டும். டெலிவரிக்கு முந்தைய அவசரத்தில் அது நடப்பதில்லை. உனக்குச் சந்தேகமிருந்தால் மூன்று கேள்வி கேள்: பூசுமுன் இரும்புத் துகளை எடுப்பீர்களா, பாலிஷ் உண்டா, பூசியபின் எத்தனை மணி நேரம் தண்ணீர் படாமல் வைத்திருப்பீர்கள்? தடுமாற்றமில்லாமல் பதில் வந்தால் யோசிக்கலாம். வாரன்டித் தாளையும் படி. கல்லடி, தண்ணீர்க் கறை, பறவை எச்சம் ஆகியவற்றை விலக்கிவிட்டு, குறித்த தேதிக்குள் பரிசோதனைக்கு வராவிட்டால் செல்லாது என்று எழுதியிருப்பது வழக்கம்.

பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடு: வண்டியைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் பிரிக்க வேண்டாம். இதை டெலிவரித் தாளிலேயே எழுதச் சொல். புது வண்டியில் தெரியும் வட்ட வட்டமான மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் வந்தவை அல்ல. பல வண்டியைத் துடைத்த ஒரே துணியும், அடியில் மணல் தங்கிய ஒரே வாளியும் போட்டவை. தூசியோடு டெலிவரி எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை.

எடுக்கும்போது வெயிலில் நிறுத்தி, கதவு, பானட், கூரை என்று ஒவ்வொரு பேனலாகப் பார். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலை பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மற்ற பேனலெல்லாம் 120ஐ ஒட்டிக் காட்ட, ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபடி அடிக்கப்பட்டது என்று பொருள். சாதாரணக் கருவி உலோகத்தின் மேல்தான் அளக்கும், பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. மறுபடி அடித்த பேனல் இருந்தால் கோட்டிங்கும் தள்ளிப்போகும். தொழிற்சாலையில் பெயின்டை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுப்பதால் வெளியே வரும்போதே அது முற்றியிருக்கும். பட்டறையில் 60 டிகிரி அளவில்தான் காயவைப்பார்கள். அதற்குமேல் சூடு ஏற்றினால் வண்டியின் மற்ற பாகங்கள் தாங்காது. அந்தப் பெயின்டிலிருந்து கரைப்பான் ஆவி பல வாரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்குள் மேலே மூடிவிட்டால் பெயின்ட் மென்மையாகவே நின்றுவிடலாம், பளபளப்பும் மங்கலாம். பெயின்ட்காரர் சொல்லும் காலம்வரை, பெரும்பாலும் 30 முதல் 90 நாள், பொறுத்திரு.

நாம் காப்பாற்றப் பார்ப்பது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை மட்டுமே. அது ஏறக்குறைய 40 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் அதில்தான் இருக்கிறது. அழுத்திப் பாலிஷ் போடும்போதெல்லாம் அதைத்தான் தேய்த்துக் கரைக்கிறோம், திரும்ப வராது.

வேக்ஸ், சீலன்ட், செராமிக், பிலிம் இவற்றில் எது என்று கேட்டிருந்தாய். கார்னாபா வேக்ஸ் ஒரு தாவர மெழுகு, பார்க்க அழகு, ஆனால் சில வாரத்தில் போய்விடும். சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். ஒழுங்காகப் பூசினால் நான்கைந்து மாதம் நிற்கும், போடுவதும் எளிது. செராமிக் கோட்டிங் சிலிக்கா சார்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, கிளியர் கோட்டோடு பிடித்துக்கொள்ளும். நல்ல பராமரிப்பில் இரண்டு மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான்தான்.

அதனால்தான் விளம்பரத்தில் போடும் ‘9 ஹெச்’ என்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே என்கிறேன். அது பென்சில் கடினச் சோதனையின் அளவு. எந்தப் பென்சில் முனை பூச்சைக் கீறவில்லை என்று பார்ப்பது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வரும் 9 வேறு, இது வேறு. இரண்டு மைக்ரான் பூச்சு எவ்வளவு கடினமாக இருந்தாலும், முன்னே போகும் லாரியின் சக்கரம் தெறித்துவிடும் கல்லை அது நிறுத்தாது. கல்லடிக்கு உண்மையான காவல் பி.பி.எஃப். எனப்படும் பாலியூரிதேன் பிலிம் மட்டும்தான். அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ளது. நல்ல ரகத்தில் சின்னக் கீறல் வெயில் சூட்டிலேயே மறைந்தும்விடும். நீ அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவன். முழு வண்டிக்கும் வேண்டாம், முன் பம்பர், பானட், பக்கக் கண்ணாடிகளின் மூடிகள், கதவுப் பிடியின் குழி ஆகியவற்றுக்குப் பிலிம் போடு, மிச்சத்துக்குக் கோட்டிங். பிலிம் முதலில், கோட்டிங் பிறகு. மாற்றிச் செய்தால் வழுவழுத்த பரப்பில் பிலிமின் பசை சரியாகப் பிடிக்காது, ஓரம் தூக்கிக்கொள்ளும்.

வீட்டில் நீயே செய்யலாமா என்றால், தாராளமாக. கூரையும் இரண்டு நாள் விடுமுறையும் போதும். வேலையில் முக்கால்வாசி பூசுவதற்கு முந்தையதுதான். கோட்டிங் எதன்மேல் விழுகிறதோ அதை அப்படியே அடைத்துப் பூட்டிவிடும், கீறலென்றால் கீறலோடு, அழுக்கென்றால் அழுக்கோடு.

நிழலில், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்கு. முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கு. பிறகு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் கையுறைத் துணியை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் நனைக்க வேண்டும். மேலிருந்து கீழே வா, கதவின் அடிப்பகுதி கடைசி.

அடுத்தது இரும்பு நீக்கி, பெயின்டில் பதிந்த இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம். புது வண்டியில் எங்கே இரும்பு என்று நினைப்பாய். ரயிலிலும் லாரியிலும் வரும்போது தண்டவாளத் துகளும் பிரேக் துகளும் சூடாகவே வந்து பதிந்துவிடும். அப்படியே விட்டால் துருப்பிடித்துக் கிளியர் கோட்டுக்குள் இறங்கும். இரும்பு நீக்கியைத் தெளித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விடு, காய விடாதே. இரும்பு இருக்கும் இடம் ஊதா நிறமாகும். கறுப்பு வண்டியில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. கதவின் அடி விளிம்பில் சொட்டி நிற்கும் நுரையைப் பார், அங்கே ஊதா தெரிந்தால் வேலை நடக்கிறது. நாற்றம் அழுகிய முட்டை வகை, காற்றோட்டம் வேண்டும். நன்றாக அலசிவிட்டு, தார்ப் புள்ளி இருந்தால் தார் நீக்கியால் அந்த இடத்தை மட்டும் துடை.

இப்போது மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானட்டைத் தடவிப் பார். வெறும் விரலுக்குத் தெரியாத நெரநெரப்பு பையின் வழியாகத் தெரியும். தெரிகிற இடத்தில் மட்டும், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்க வண்டிக்கென்றே விற்கும் மென்ரகக் களிமண் கட்டி போதும். உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக்கி, வழுக்குத் திரவம் நிறையத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டு, அழுக்கு தெரிந்ததும் மடி. தரையில் விழுந்துவிட்டால் எடுத்து ஓட்டாதே, தூக்கிப் போடு. எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் கறுப்புப் பெயின்டில் களிமண் லேசான மங்கலை விடும். அதனால் ஒரு மெல்லிய பாலிஷ் தவிர்க்க முடியாதது.

பாலிஷுக்குச் சுழன்றபடியே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரம் எடு, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி புதுக் கைக்கு வேண்டாம். மென்மையான பினிஷிங் பேடில் பட்டாணி அளவு மூன்று நான்கு துளி பாலிஷ், 50 சென்டிமீட்டர் சதுரம், நடு வேகம், பாதிக்குப் பாதி மேல் படிகிறமாதிரி நான்கு தடவை. ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு முழு வண்டிக்கும் போ. பேனலின் விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் மெலிதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டு. பெயின்ட் இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டு. பாலிஷ் பட்டால் வெள்ளை பூத்துவிடும், பிறகு எளிதில் போகாது. ஆழமான ஒன்றிரண்டு கீறல் மிஞ்சினால் விட்டுவிடு. அதைத் துரத்தினால் நஷ்டம் கிளியர் கோட்டுக்கு. வண்டி பளபளப்பில்லாத மேட் நிறமாக இருந்திருந்தால் பாலிஷே கூடாது என்று எழுதியிருப்பேன், உனக்கு அந்தக் கவலை இல்லை.

பாலிஷில் எண்ணெய் உண்டு. அது சிறு கீறலை நிரப்பிக் கண்ணை ஏமாற்றும், கோட்டிங் பெயின்டைப் பிடிக்காமலும் தடுக்கும். ஆறே மாதத்தில் கோட்டிங் போய்விட்டது என்று வரும் புகாரில் பல இங்கேதான் தொடங்குகின்றன. கோட்டிங் தயாரித்தவர்களே தரும் துடைப்புத் திரவம் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரும். ஒரு துணியால் துடைத்து, உடனே இன்னொரு சுத்தமான துணியால் ஒத்தி எடு.

பூசும்போது நைட்ரைல் கையுறை போடு. ஆவி தலையைச் சுற்றவைக்கும், கதவைத் திறந்து வை, ஆவிக்கான முகமூடியும் அணி. பஞ்சுக்கட்டையில் மெத்துத் துணியைச் சுற்றி, முதல் தடவை எட்டுப் பத்துத் துளி, பிறகு நாலைந்து துளி போதும். நடுத்தர வண்டிக்கு ஒரு பூச்சுக்கு 15 முதல் 20 மில்லி ஆகும். 50 சென்டிமீட்டர் சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தடவு. சற்று நேரத்தில் பூச்சு வியர்த்து, வானவில் நிறம் ஓடும். அதுதான் துடைக்க வேண்டிய கணம். ஈரமும் சூடும் உள்ள நாளில் அரை நிமிடத்திலேயே வந்துவிடும், குளிர்ந்த நாளில் இரண்டு மூன்று நிமிடமும் ஆகலாம். குறித்த நேரத்தை நம்பாதே, பரப்பைப் பார். குட்டை இழை மைக்ரோஃபைபரால் அழுத்தாமல் சமன் செய்து, இன்னொரு துணியால் முடி.

பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடு. கருத்த திட்டு தெரிந்தால் அங்கே பூச்சு தடித்துவிட்டது. அப்போதே அதன்மேல் ஒரு துளி கோட்டிங் தடவினால் இளகும், துடைத்துவிடலாம். மறுநாள் பார்த்தால் பாலிஷ் போட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. அதனால் ஒரு பேனலை முழுதாகப் பார்த்து முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதே. மெத்துத் துணியை ஓரிரு பேனலுக்கு ஒருமுறை மாற்று. அதில் இறுகிய பூச்சு கீறும், துவைத்தாலும் போகாது. பாட்டில் மூடியைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரத்தில் உள்ளேயே இறுகத் தொடங்கிவிடும்.

முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. தவறி ஒரு துளி விழுந்தால் காய்வதற்குள் ஒற்றி எடுத்துவிடு.

கோட்டிங் போட்டவர்களை ஏமாற்றுவது தண்ணீர்க் கறைதான். நீர் முத்துமுத்தாக நிற்பதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உப்புநீர் முத்தாக நின்று காய்ந்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஒரே வட்டத்தில் செறிந்து படியும். அதனால் வெயிலில் கழுவாதே, கழுவியதும் துடைக்காமல் விடாதே. புதுக் கறை என்றால் சம அளவு நீர் கலந்த வெள்ளை வினிகரை நனைத்த துணியை ஒரு நிமிடம் போட்டு வைத்து அலசினால் போகும். வாரக்கணக்கில் விட்டால் கோட்டிங்கையே அரித்துவிடும். பறவை எச்சமும் இப்படித்தான். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டுத் தூக்கி எடு, தேய்க்காதே.

ஏழெட்டு மாதத்தில் நீர் முத்தாக நிற்காமல் பரவினால் கோட்டிங் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் மேலே படிந்த எண்ணெய்ப் பசையும் தூசியும்தான் காரணம். ஒருமுறை இரும்பு நீக்கி போட்டுக் கழுவிப் பார், திரும்பி வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கா ஸ்பிரே அடித்தால் நல்லது. பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவுமிடம் பக்கம் போகவே போகாதே. மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதே, இழை நீரை உறிஞ்சாமல் போய்விடும்.

திறந்த வெளியில்தான் நிறுத்த வேண்டும், கழுவ ஆள்தான் வைக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் செராமிக்கை விட்டுவிடு. இதே கழுவல், இதே களிமண், மெல்லிய பாலிஷ், அதன்மேல் சீலன்ட். கண்ணுக்கே தெரியாத அளவு மெலிதாகப் பூசி, மங்கல் பிடித்ததும் துடை, மறுநாள் இரண்டாவது பூச்சு. ஆண்டுக்கு மூன்று தடவை செய்தால் போதும். வேறொருவர் துடைத்துக் கீறல் விழுந்தாலும் அடுத்த பாலிஷோடு சரிசெய்து மறுபடி பூசிக்கொள்ளலாம், மனசு வலிக்காது.

வண்டி வந்ததும் பானட், கூரை, நான்கு கதவு ஆகியவற்றின் தடிமன் அளவை எழுதி அனுப்பு. இரவில் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும் வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எந்த பேட், எந்த பாலிஷ் என்று சொல்கிறேன். அதுவரை எதுவும் வாங்காதே.

அன்புடன்,
ரகு