கனெக்டருக்குள் புகுந்த மழை

சிக்லாப்,
சிங்கப்பூர்.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். நம் அமெச்சூர் ரேடியோவில் என் குரல் மெலிந்துவிட்டது, காற்றடித்தால் அறுந்து அறுந்து வருகிறது என்று எழுதியிருந்தாய். காரணம் அகப்பட்டுவிட்டது.

அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.2 என்ற நல்ல எண்ணையே காட்டியதால் ஏரியல் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை. போன சனிக்கிழமை மாடிக்குப் போய் ஏரியலைக் கழற்றி, கேபிளின் நுனியைச் சும்மா விட்டுவிட்டு வந்தேன். நுனியில் வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்து, குறைந்த பவரில் பார்த்தாலும் மீட்டர் முள் கடைசி வரை ஓட வேண்டும் அல்லவா? 3-லேயே நின்றுவிட்டது! போய்த் திரும்புவதற்குள் முக்கால் பங்கு சக்தி கேபிளிலேயே கரைந்திருக்கிறது. ஒரு வழிக்குப் பாதி. 100 வாட் அனுப்பினால் 50 வாட்தான் மேலே போயிருக்கிறது. திரும்பி வர வேண்டியதையும் கேபிளே விழுங்கிவிட்டதால் மீட்டர் இத்தனை நாள் நல்ல எண்ணாகவே காட்டியிருக்கிறது. இதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

மாடியில் கேபிளை ஏரியலோடு இணைத்திருந்த பி.எல். 259 கனெக்டரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். பற்றவைப்பதற்கான நான்கு துளைகளில் மூன்றில் ஈயம் முத்துப்போல் மேலேயே உட்கார்ந்திருந்தது; கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள செம்புப் பின்னலைத் தொடவே இல்லை. மலிவான நிக்கல் பூச்சு அது; வெள்ளிப் பூச்சைப்போல் ஈயத்தை எளிதில் ஏற்காது. பின்னல் கறுத்து, இடையிடையே பச்சை பூத்திருந்தது. உறையை உரித்துக்கொண்டே போனேன். ஒன்றரை மீட்டர் தாண்டியும் கறுப்புதான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பின்னல் மழைநீரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. டிசம்பர், ஜனவரி மழை போதாதென்று இங்கே கடற்காற்றும் உண்டு. மொத்தக் கேபிளையும் தூக்கி எறிந்துவிட்டேன்.

எல்லா இடத்திலும் மழை புகாத ‘N’ வகைக் கனெக்டரே போடு என்று நீ வற்புறுத்துவாய். 430 மெகாஹெர்ட்ஸுக்கு நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸில் பி.எல். 259 எந்தக் குறையும் வைக்காது. 1930களில் ஆம்பெனால் நிறுவனத்தில் குவாக்கன்புஷ் வடிவமைத்தது இன்றுவரை நிற்கிறதே! அதற்கு மழையைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. அந்தக் காவலை நாம்தான் போட வேண்டும், நான் போடவில்லை.

சிம் லிம் டவரில் வெள்ளிப் பூச்சும் டெஃப்லான் காப்பும் உள்ள கனெக்டராகப் பார்த்து வாங்கினேன். 100 வாட் சூட்டுக்கோலை நன்றாகக் காயவைத்து, நான்கு துளையிலும் ஈயம் உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை எடுத்தேன். சூடு நீடித்தால் கேபிளுக்குள் உள்ள பாலிதீன் இளகி நடுக்கம்பி நகர்ந்துவிடும். அதனால் நிதானத்தோடு வேகமும் வேண்டியிருக்கிறது. மேலே, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வெயிலுக்காக வினைல் டேப்பும் போட்டேன். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட்டேன். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

உன் நாகப்பட்டினத்திலும் இதே உப்புக்காற்றுதான். கேபிளின் நுனியைக் கழற்றி அந்தச் சோதனையை ஒருமுறை செய்து, முள் எங்கே நிற்கிறது என்று எழுது.

ஞாயிறு இரவு இங்கே 8 மணி, உனக்கு மாலை 5.30. வழக்கமான அலைவரிசையில் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்