நடுவில் ஒரு சாண் இடம்

ஈரோடு
தை மாதம், வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கனடாவின் எட்மண்டனில் இரவுப் பணி முடித்து வந்து பேசும்போது பாதி உறக்கத்தில் இருக்கிறாய். அந்த நேரம் அம்மாவுக்கே போதுவதில்லை. என் கைக்கு போன் வந்ததும் "சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது" என்று கேட்டு முடித்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் கர்நாடகத்து யெல்லாப்பூர் போய்வந்தது உனக்குத் தெரியும். ஏன் போனோம் என்பதை அம்மா சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். உன் மாமா லாரியில் பாக்கு ஏற்றப் போனபோது அந்தப் பக்கத்துச் சித்தி மக்கள் தைத்த ஒரு சின்னப் போர்வையைத் தன் பேரனுக்காக வாங்கி வந்தார். சித்தி என்றால் உன் சின்னம்மா இல்லை, அது அந்தச் சமூகத்தின் பெயர். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். போர்த்துகீசியர்கள் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பியோடி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் வந்து குடியேறினார்கள். இன்று யெல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா பக்கங்களில் இருக்கிறார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று மதத்தவரும் உண்டு. 2003-இல்தான் அரசு அவர்களைப் பழங்குடிகள் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் போர்வையை மாமா என் மடியில் போட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் தையல் கடை நடத்தியவன் நான். எந்தத் துணியைப் பார்த்தாலும் முதலில் திருப்பி உள்பக்கம்தான் பார்ப்பேன். உள்ளே ஒரு பழைய சேலை, மேலே ஒட்டுத் துணிகள். பஞ்சு இல்லை, மெஷின் படவில்லை. விளிம்பிலிருந்து நடுவரை ஒரே ஓட்டுத் தையல், வரிசைக்கு வரிசை ஒரு விரல்கடை இடைவெளி. சாக்பீஸ் கோடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எங்கும் சுருக்கம் விழவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைத் தைத்த கையைப் பார்க்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, அதிகாலை மூன்று மணிக்கு மாமாவின் காரில் கிளம்பினோம். சேலம் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏறும்போதே பனி இறங்கிவிட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. மாமா முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவே இல்லை. அம்மா வாய்க்குள் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தாள். பெங்களூரைச் சுற்றிக்கொண்டு தும்கூர் சாலைக்கு வந்த பிறகுதான் வெயில் வந்தது. சித்ரதுர்கா பக்கம் மலை மேலெல்லாம் காற்றாலைகள். தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. அம்மா இரண்டு சாப்பிட்டாள், எழுதச் சொன்னாள்.

ஹாவேரி மாவட்டத்தில் பியாடகி என்று ஓர் ஊர் வருகிறது. மிளகாய்க்குப் பேர்போன ஊர். ஜன்னலைத் திறந்தபோது காரம் மூக்கில் ஏறவில்லை, வாசனைதான் வந்தது. அந்த மிளகாயில் காரம் குறைவு, நிறம்தான் அதிகம் என்று மாமா சொன்னார். களத்தில் காயப்போட்டிருந்த சிவப்பைப் பார்த்ததும் உன் ஏழாவது வயது தீபாவளிப் பாவாடை நினைவுக்கு வந்தது. அந்தச் சிவப்புக்காகக் கனி ஜவுளி மார்க்கெட்டில் எத்தனை கடை ஏறி இறங்கினேன்! வண்டியை நிறுத்தச் சொல்லிச் சிறிது நேரம் நின்று பார்த்தேன்.

அன்று ஹூப்ளியில் தங்கினோம். மறுநாள் கல்கட்கி வழியாகக் காட்டுச் சாலை. வெயில் ஏறியும் குளிர் விடவில்லை. யெல்லாப்பூரிலிருந்து உள்ளே ஒரு மண்பாதையில் போய், மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக அந்த வீட்டுக்குப் போனோம். பாக்குத் தோட்டத்தின் ஓரத்தில் சாணம் மெழுகிய திண்ணை. போர்வையைத் தைத்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டில் கொங்கணி போன்ற ஒரு மொழி பேசுகிறார்கள். எங்களோடு கன்னடத்தில் பேசினார். மாமா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

போர்வைக்கு அவர்கள் சொல்லும் பெயர் கவந்தி. வட கர்நாடகத்தில் மற்றவர்கள் கௌதி என்கிறார்கள். வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். நம் கந்தை என்ற சொல் அதோடு உறவுள்ளது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! அந்தக் கந்தையை இவர்கள் மாளிகைபோலக் கட்டி எழுப்புகிறார்கள்.

அக்கா திண்ணையில் சேலையை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு மூலையில் ஆரம்பித்தார். விளிம்பை மடித்து, ஒரு துண்டை வைத்து, அதன் ஓரத்தை விரலாலேயே மடக்கிக்கொண்டு ஊசி ஓட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம். நான்கு பக்கமும் சுற்றி வந்து, அதற்கு உள்ளே அடுத்த சுற்று. இப்படியே உள்ளே உள்ளே போய் நடுவில் முடிக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது, அம்மிணி. கோடு போடாமல் கத்திரியைத் தொடாதே என்று எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கிய பாடம் அது. ஒரு சட்டையில் காலர் எங்கே வரும், பட்டி எங்கே வரும் என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். இங்கே பாதி வேலை முடிந்த பிறகும் நடுவில் என்ன வரும் என்பது தைப்பவருக்கே தெரியாது.

அதைத்தான் கேட்டேன். நடுவில் எந்தத் துணி வைப்பீர்கள்?

அக்கா ஊசியை நிறுத்தாமல் சொன்னார்: அங்கே போய்ச் சேரும்போது வீட்டில் எது கந்தையாகிறதோ அது.

நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து மடித்து வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பூலா, அதாவது பூ என்று பெயர். இது எதற்கு என்றேன். பூ இல்லாவிட்டால் கவந்தி உடுத்தாமல் நிற்பதுபோல இருக்கும் என்றார். தூக்கமும் குளிருமாக இருக்கிற ஒரு பிள்ளைக்குப் போர்த்துவதற்கு இது அவசியமே இல்லை. ஆனாலும் அது இல்லாமல் வேலை முடிந்ததாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இதுதான் தொழில் மரியாதை. மடிப்பைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. அக்கா நான்கு முறை பிரித்துவிட்டு மறுபடி மடிக்கச் சொன்னார்.

திரும்பும்போது சங்கராந்தியன்று காலை ஹூப்ளியில் நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாள் எங்கள் மூவர் கையிலும் எள்ளும் வெல்லமும் வைத்தார். வறுத்த எள், வேர்க்கடலை, கொப்பரைத் துண்டு, வெல்லக்கட்டி எல்லாம் கலந்தது. கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொல்வார்களாம். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசு. அவ்வளவுதான், ஆண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அந்த வாக்கியம் ஈரோடு வரை என்னோடு வந்தது. தொப்பூர் இறக்கத்தில் மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டியபோதுகூட நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வந்த அன்றே பரணிலிருந்து அளவு நோட்டுகளை இறக்கினேன். உனக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதி புது நோட்டு போடுவேன். பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் அந்த ஆண்டு செய்ய வேண்டியதை எழுதுவேன். 1989-இல் இரண்டாவது மெஷின் வாங்க வேண்டும். 1992, நீ பிறந்த ஆண்டு: பீடியை விட வேண்டும். விட்டேன். 1997-இல் மெஷினுக்கு மோட்டார் போட வேண்டும். 2004-இல் ஓட்டு வீட்டை மாற்றித் தளம் போட வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டு ஆனது, ஐந்து நோட்டிலும் அதே வரி இருக்கிறது.

2016 முதல் கையெழுத்து அதேதான், வரிதான் மாறிவிட்டது. பாப்பா இரண்டு ஆண்டில் திரும்பி வர வேண்டும். பாப்பாவுக்கு நல்ல இடம் அமைய வேண்டும். பாப்பா கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும். 2019-இல் அதையே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதோடு விட்டேனா? ஒவ்வொரு புத்தாண்டும் உன்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தும் காட்டினேன். நீ "சரிப்பா" என்பாய். அந்தச் "சரிப்பா" வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது என் காதில் விழாமல் இல்லை.

அளவு கொடுக்காதவர் துணியை ஒரு நாளும் நான் வெட்டியதில்லை. அந்தப் பத்து நோட்டிலும் நான் செய்தது அதுதான். என் கையால் செய்யக்கூடியது ஒன்றுகூட அந்த வரிகளில் இல்லை. எல்லாம் நீ செய்ய வேண்டியவை, நீ கேட்காதவை. மன்னித்துக்கொள், அம்மிணி.

இன்னொன்றும் நோட்டில் பார்த்தேன். உன் பக்கங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் சீருடைக்கு எடுத்த அளவு. ஒன்றாம் வகுப்பில் தோள் பத்து இஞ்ச்கூட இல்லை. வளரும் பிள்ளை, மடிப்பில் இரண்டு இஞ்ச் விட்டுத் தையுங்கள் என்று அம்மா ஒவ்வோர் ஆண்டும் சொல்வாள். பத்தாம் வகுப்பில் அந்த மடிப்பை ஆண்டு நடுவிலேயே பிரித்துவிட வேண்டியதாயிற்று. கடைசி அளவு 2015 ஆகஸ்ட், நீ விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம். தோள் பதினாலு என்று இருக்கிறது. அதற்குப் பிறகு உன் பெயரில் ஒரு வரியும் இல்லை.

அந்தப் பதினாலை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தீபாவளிக்கும் உனக்குத் தைத்து அனுப்பினேன். 2022-இல் நீ வந்திருந்தபோது அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு சமையலறையில் மேல்தட்டிலிருந்து டம்ளர் எடுத்தாய். கைக்கடியில் தையல் விட்டது. நீ துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாய். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றே இஞ்ச் டேப்பை எடுத்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு நோட்டில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன். கவந்தியைத் தைத்து முடிக்க வேண்டும். உன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இனி எழுதவும் மாட்டேன்.

தைக்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. அடியில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, நீ தொட்டிலில் கிடந்தது. எனக்கு நூல் கோக்கக் கண் சரிப்படுவதில்லை. அம்மா காலையில் சமையலுக்குப் போகும் முன் பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போகிறாள். பத்தும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. மெஷினில் ஒரு மணி நேரத்தில் முடிகிற தூரம் கையில் நான்கு நாள் ஆகிறது. எனக்கு அவசரம் இல்லை. முதல் சுற்றில் உன் மெரூன் சீருடைப் பாவாடை, என் பழைய சட்டைகள், மாமாவின் கட்டம் போட்ட லுங்கி. இரண்டாவது சுற்றில் அந்த மிளகாய்ச் சிவப்புப் பாவாடை. அதன் சரிகைக் கரையை அம்மா வெட்டவிடவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். மூன்றாவதில் கல்லூரிக்கு நீ கட்டிய இரண்டு பருத்திச் சேலைகள். மூலைகளில் பூ வைத்தாகிவிட்டது. மூன்று நன்றாக வந்திருக்கின்றன. நான்காவது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பிரித்து மறுபடி போடுவேன்.

இப்போது நடுவுக்கு வந்துவிட்டேன். ஒரு சாண் சதுரம் மிச்சம் இருக்கிறது. அங்கே வைக்கப் பெட்டியைக் குடைந்து பார்த்தேன். வீட்டில் இருக்கும் உன் துணியெல்லாம் 2015-க்கு முந்தையது. அதற்குப் பிறகு நீ உடுத்திய துணி ஒன்றுகூட என் கையில் இல்லை. நீ வேலைக்கு எந்த நிறத்தில் உடுத்திப் போகிறாய் என்பதுகூடப் படத்தில் பார்த்ததுதான், துணி எப்படிப்பட்டது என்று விரலுக்குத் தெரியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீ போட்டுப் போட்டு நைந்து, இனி வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தது ஏதாவது இருந்தால் அனுப்பு. கடையில் புதிதாக வாங்காதே. கறை இருந்தாலும் பரவாயில்லை, பித்தான் போயிருந்தாலும் பரவாயில்லை. குளிர்கோட்டுத் துணி வேண்டாம், ஊசி இறங்காது. இழுத்தால் நீளுகிற பனியன் துணியும் வேண்டாம், சுருங்கிக்கொள்ளும். பருத்தி கலந்தது நல்லது. நீயே வெட்டாதே, முழுதாக அனுப்பு, ஓரம் பார்த்து நான் வெட்டிக்கொள்கிறேன். ஒரு கவரில் அடங்கும், தபால் செலவு அதிகம் ஆகாது. எப்போது முடிகிறதோ அப்போது அனுப்பினால் போதும். நான் விளிம்பில் சாய்ந்த அந்தப் பூவைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா